மலைநாட்டில் மூன்று டொன் பூம் ட்ரக்: பல வருடம் பாவித்த பிறகு

இலங்கையில் ஹட்டன் பக்கம் வாடகைக்கு ஓடுகிற எங்கள் வண்டி, ஜப்பானிலிருந்து பழையதாக வந்திறங்கிய இசுசு எல்ஃப். கெபினுக்கும் தட்டுக்கும் நடுவில் யுனிக் கிரேன். வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் "எத்தனை டொன் தூக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பாரம் தூக்கும்போது வண்டியைத் தாங்க இறக்குகிற ஜாக் கால்களை எங்கே ஊன்றுவது என்பது.

கிரேனின் தகட்டில் 2.93 டொன் என்றிருக்கும். 3 டொன்னைத் தொட்டால் ஜப்பானில் சட்டமும் பரிசோதனையும் கூடிவிடும். அதனால்தான் மூன்றுக்குச் சற்றே குறைந்த இந்தக் கணக்கு. அதுவும் கிரேன் நிற்கிற நடுக் கம்பத்துக்குப் பக்கத்தில் தூக்கும்போது மட்டும். பூமை, அதாவது கிரேனின் கையை, முழுக்க நீட்டினால் சில நூறு கிலோ. கெபினுக்கு மேலால் முன்பக்கம் திருப்பினால் அட்டவணையில் உள்ளதில் கால்வாசிதான்.

தேயிலைத் தோட்டங்களில் வேலை என்றால் கொழுந்தை உலர்த்துகிற ட்ரையரின் விசிறி, மோட்டார், ஜெனரேட்டர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர்த் தாங்கி. எடை பிரச்சினையில்லை. ஆனால் ஸ்டோர் (தேயிலை ஆலை) வாசல் பெரும்பாலும் சரிவு. ஒரு பக்கம் கல்லுக்கட்டு, மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற கான். மே பிறந்து மழை பிடித்துவிட்டால் கான் ஓரத்து மண் பார்வைக்கு இறுகித்தான் இருக்கும், ஜாக்கை இறக்கினால் அமிழும். சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கட்டையைத்தான் பார்ப்போம். ஓரத்தில் சேறு பிதுங்கினால் இறக்கிவிட வேண்டியதுதான், தோட்டத்துத் துரையே வந்து நின்றாலும் சரி. பள்ளப் பக்கம் பூமைத் திருப்பும்போது வண்டியின் சாய்வுக்கு ஏற்ப பாரம் இன்னும் வெளியே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் பிரேக். இந்த வகை லொறிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின்னால் போகிற ஷாஃப்டைப் பிடிக்கிறது. பக்கவாட்டில் பாரம் தொங்கும்போது எதிர்ப்பக்கப் பின் சில்லு தரையை விட்டு எழும்பினால், இரண்டு பின் சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரென்ஷல் மற்றச் சில்லையும் உருள விட்டுவிடும். சரிவில் வண்டி நகர அது போதும். சில்லுக்குக் கட்டை கொடுக்காமல் கிரேன் லீவரைத் தொட எங்கள் பொடியன்களுக்கு அனுமதி கிடையாது. தலைக்கு மேலே 33,000 வோல்ட் லைன் போகிற இடமென்றால், லைனை நிறுத்தும் வரை வேலையே கிடையாது.

குறை என்று சொன்னால், கிரேனே ஏறக்குறைய ஒரு டொன் எடை. அந்தளவு சாமான் குறைத்துத்தான் ஏற்ற முடியும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் ஹைட்ரோலிக் எண்ணெய் தடித்து, பூம் சோம்பேறித்தனமாக அசையும்; எஞ்சின் சக்தியைக் கிரேன் பம்புக்குக் கொடுக்கிற பிடிஓவைப் போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். ஆனாலும் பெரிய கிரேன் திரும்பவே முடியாத முடக்குகளில் இது சுளுவாகப் போய்விடுகிறது. இந்த ஊருக்கு இதைவிடப் பெரியது தேவையில்லை என்பேன்.

பழையது வாங்கப் போனால் வெறும் பூமை உயர்த்தி நீட்டி, எஞ்சினை நிறுத்தி, கொளுக்கி நிற்கிற உயரத்தை அடையாளம் வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கப் போங்கள். திரும்பி வரும்போது இறங்கியிருந்தால், சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.