நாய்க்கு லைஃப் ஜாக்கெட்: ரஃப்வேர் ஃப்ளோட் கோட்
படகில் நாயை ஏற்றி இறக்குவதற்காக வாங்கும் லைஃப் ஜாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது முதுகிலுள்ள கைப்பிடியைத்தான். ஃப்ளோட் கோட்டில் அது உறுதியானது. நீரிலிருந்து தூக்குவதற்கென்றே வைத்தது. மிதக்க வைப்பது உள்ளிருக்கும் ஃபோம்.

முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பு அகலமான இடத்தில் சுற்றளவு எடுங்கள். பட்டையை இறுக்கியபின் இரண்டு விரல் நுழைந்தால் சரி. தரையிலேயே மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுப் பக்கம் நழுவினால் அளவு பெரிது, மாற்றிவிடுங்கள்.

ஏற்றும்போது படகை முன்னும் பின்னும் கட்டிவிட்டு, ஒருவர் முதலில் படகுக்குள் போய்விட வேண்டும். ஒரு கை கைப்பிடியில், மறு கை பின்தொடைக்கு அடியில். நாயின் கயிற்றைப் படகில் கட்டவே கட்டாதீர்கள். துறைக்கும் படகுக்கும் நடுவே விழுந்தால் கழுத்து இறுகிவிடும். கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்குவதும் அதே ஆபத்துதான். இன்னும் பலர் அப்படித்தான் தூக்குகிறார்கள் என்பது வேதனை.

30 கிலோ லாப்ரடாரை உயரமான படகோரத்துக்கு மேல் ஒற்றை ஆள் தூக்குவது கடினம். சாதாரண ஏணியிலும் பின்கால்கள் படி கிடைக்காமல் தவிக்கும். அத்தகைய படகுக்கு வழுக்காத சாய்பலகை தனியாக வேண்டும், கீழ்முனை நீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி.

உப்புநீரில் இறங்கினால் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.