மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் பக்கவாதப் பிரிவு: ஒரு மதிப்பீடு

பக்கவாதம் வந்த என் மாமனாரை அண்மையில் மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்து, அங்கே கிடைத்த கவனிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சேர்க்கும்போது ரத்த அழுத்தம் 200/110 இருந்தது. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. ஆனால் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடவில்லை. பிரஷருக்கு மாத்திரைகூடத் தரவில்லையே என்று உறவினர்கள் பதறியபோது, நரம்பியல் மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். அடைப்பைச் சுற்றி இன்னும் உயிரோடிருக்கும் பகுதிக்கு ரத்தம் போய்ச் சேர அந்த அழுத்தம் தேவை என்பதால், ஊசி போடாத நோயாளிக்கு 220/120-ஐத் தாண்டாதவரை முதல் ஓரிரு நாட்கள் பெரும்பாலும் குறைப்பதில்லை. ஊசி போட்டிருந்தால் 180/105-க்குள் வைத்திருப்பார்கள். அதே சமயம், பாதிக்கப்பட்ட இடத்திலுள்ள ரத்தக்குழாய்கள் அழுத்தத்துக்கு ஏற்பத் தாமாகச் சுருங்கும் திறனை இழந்து, அவற்றின் சுவரும் பழுதாகிவிடுவதால், அழுத்தம் எல்லை மீறினால் நீர் மூளைத் திசுவுக்குள் கசிந்து வீக்கம் கூடும். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் மருத்துவர் கிடைப்பது அரிது.

வீக்கம் பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள் உச்சத்தை எட்டும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு மாமனார் கூப்பிட்டால் கண் திறக்காத அளவுக்கு மயங்கியபோது, செவிலியர் டார்ச் அடித்துக் கண்மணிகளைப் பார்த்துவிட்டு உடனே மருத்துவரை அழைத்தார். மறு ஸ்கேன் எடுத்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் என்ற மருந்தை ஏற்றினார்கள். பாட்டிலை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்து, உள்ளே படிகம் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே செவிலியர் அதை மாட்டினார். கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்தே இருந்தது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலுக்கும் உறவினரே தரைத்தள மருந்தகத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர் இருக்கிறதே தவிர, வீட்டில் பிரஷரை எந்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. கேட்டு எழுதி வாங்கினோம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இரவில் மூளை அறுவை நிபுணர் அங்கே இருப்பதில்லை. பெரிய ரத்தக்குழாய் அடைத்து வீக்கம் கட்டுக்கடங்காமல் போனால், 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே இங்கே சேர்ப்பவர்கள், அந்த நிலை வந்தால் நோயாளியை எங்கே அனுப்புவார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.