ஊரில் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்கு வீட்டு பிசியோ: கேட்டு வாங்க வேண்டியது என்ன?

தூரத்தில் இருந்துகொண்டு ஊரிலுள்ள அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலும் திருச்சியிலும் வீட்டுக்கு வரும் பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) கிடைப்பது இப்போது கஷ்டமில்லை. போன் போட்டால் ஓரிரு நாளில் ஆள் வந்துவிடுகிறார். என்ன செய்துவிட்டுப் போகிறார் என்பதில்தான் சிக்கல். இந்த முறை ஊருக்குப் போனபோது பார்த்த வரை, கட்டிலில் படுக்க வைத்துக் கை காலை மடக்கி நீட்டுவதும், முட்டிக்குக் கரண்ட் வைப்பதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. அம்மாவுக்கு இதமாக இருக்கும், ஆனால் டிமென்ஷியா உள்ளவர்கள் அடிக்கடி விழுவது இதனால் குறையாது. எழும்போதும் திரும்பும்போதும்தான் விழுகிறார்கள், அதனால் பயிற்சியும் நின்றபடிதான் நடக்க வேண்டும்.

முதல் நாளே அளவு எடுக்கச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. கையூன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ண வேண்டும். பிரஷரை 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறையும், நின்ற பின் 1, 3 நிமிடங்களிலும் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் முதலில் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். தூக்க மாத்திரையும் ஆளை அமைதிப்படுத்தத் தரும் மாத்திரையும் தள்ளாட வைக்கும். டிமென்ஷியாவுக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைத்து மயக்கம் வரவழைக்கும்.

பயிற்சிகளில் முக்கியமானது எழுந்து உட்காருவது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் நுனிக்கு வரவழைத்து, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் குனிய வைத்தால் உடம்பு தானாக மேலே வரும். வீட்டில் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் அட்டெண்டர்கள் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்தால் பயத்தில் உடம்பு பின்னால் சாயும், பாதம் முன்னால் வழுக்கும். பக்கவாட்டில் நின்று, ஒரு கையை முதுகில் வைத்தால் போதும். அடுத்ததாக, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது. எல்லாம் பத்துப் பத்தாக இரண்டு சுற்று, வாரம் 3 நாள், இடைப்பட்ட நாட்களில் நடை. முதியோர் விழாமலிருக்க நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டமும் ஏறக்குறைய இந்த அமைப்புதான்.

டிமென்ஷியாவில் விளக்கிச் சொல்வது பயன் தராது. எதிரே உட்கார்ந்து செய்து காட்டி, "எழுந்திருங்கம்மா" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுப் பத்து விநாடி பொறுத்திருங்கள். அதே நாற்காலி, அதே நேரம், காலைக் காபிக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் நினைவு மங்கினாலும் உடம்பு பழகிவிடும். சாயங்காலத்தில் பலருக்குக் குழப்பம் கூடும், அப்போது வேண்டாம். நடக்கையில் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. பதில் சொல்லச் சட்டென்று திரும்புவார்கள், கால் பின்னிக்கொள்ளும்.

பளபளக்கும் டைல்ஸ் ஈரத் தரை போலவும், தரையில் போடும் கறுப்புக் கால்மிதி பள்ளம் போலவும் தெரிவதால் சிலர் தாண்டப் பார்ப்பார்கள். கால்மிதியை எடுத்துவிடுங்கள், நிலைப்படியில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். பாத்ரூமில் துண்டு போடும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது. சுவரில் போல்ட் அடித்த ஸ்டீல் கைப்பிடிதான் வேண்டும்.

காசு இல்லாத வழியும் உண்டு. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். நடமாடுகிற டிமென்ஷியா நோயாளியின் பெயர் அதில் தானாக ஏறிவிடும் என்று இருக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். சென்னை கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும் காட்டலாம்.

ஏஜென்சி அட்டெண்டர் மாறிக்கொண்டே இருப்பார். ஆகவே பிசியோவுக்குக் கொடுக்கும் காசில் பாதி, அட்டெண்டருக்குக் கற்றுக்கொடுக்கத்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அம்மா செய்வதையே போனில் வீடியோ எடுத்து வைத்தால் அடுத்து வருபவருக்கும் ஆகும். ஞாயிறுதோறும் வீடியோ காலில் அந்த 30 விநாடிக் கணக்கைக் கேளுங்கள். எட்டு முறை எழுந்தவர் ஒரே வாரத்தில் நான்குக்கு வந்தால் "வயசாயிடுச்சு" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ புதிதாகச் சேர்த்த மாத்திரையோ இருக்கலாம், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.