சீஸ் பாக்கெட்டா, உலர்ந்த தூளா, வீட்டுக் கலவையா?

எண்ணெயில் பொரிக்காமல் கோழியை மொறுமொறுப்பாக்க இங்கே அமெரிக்கக் கடைகளில் இரண்டு வகை பாக்கெட் எனக்குக் கிடைத்தது. ஒன்று உலர்ந்த தூள். 1965-ல் வந்த ‘ஷேக் அன் பேக்’ பிரபலமாக்கிய வகை. இன்னொன்று ஃப்ரிட்ஜில் வைத்து விற்கும், துருவிய சீஸும் பிரெட் தூளும் சேர்ந்த பாக்கெட். இவற்றோடு நானே கலந்த ஒன்றையும் சேர்த்து, மூன்றையும் எலும்பில்லாத நெஞ்சுக்கறியில் பூசி 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சுட்டுப் பார்த்தேன்.

நான் ஆசையாக வாங்கியது சீஸ் பாக்கெட்டைத்தான். உள்ளே இரண்டு அறை. சீஸின் ஈரம் பட்டால் தூள் நமுத்துவிடும் என்பதால் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் கறியில் ஒட்ட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சீஸ் துருவல் கொஞ்சம் நீளம், தூளோ பொடி. கையால் அழுத்தினாலும் பாதி உதிர்ந்துவிடுகிறது. வெந்து வந்தபோது மேல்பக்கம் பொன்னிறம், வாசனையும் அருமை. அடியில்தான் வினை. கறி விட்ட தண்ணீரில் தூள் கூழாகி, உருகிய சீஸ் ட்ரேயோடு ஒட்டிக் கருகியிருந்தது. தோசைத் திருப்பியால் எடுத்தேன். கறி வந்தது, பூச்சு ட்ரேயிலேயே தங்கிவிட்டது.

விட மனமில்லாமல் மறுபடி செய்தேன். கறியை பேப்பர் டவலால் நன்றாக ஒற்றி எடுத்து, மேலே மட்டும் மயோனைஸை மெல்லிசாகத் தடவி, கலவையையும் மேல்பக்கத்துக்கு மட்டும் வைத்து, கம்பி ரேக்கில் ஏற்றிச் சுட்டேன். இப்போது நன்றாகவே வந்தது. உப்பு மட்டும் தூக்கல். சீஸிலும் தூளிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, கறிக்குத் தனியாகப் போடவே கூடாது.

உலர்ந்த தூளில் இந்தப் பாடெல்லாம் இல்லை. கறியைத் தண்ணீரில் நனைத்து, பையில் போட்டுக் குலுக்கினால் இடைவெளி இல்லாமல் பிடித்துக்கொள்கிறது. எலும்போடு இருக்கும் தொடைக்கறிக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் ருசி தட்டையானது; வெங்காயத்தூள் வாசனைதான் முதலிலும் கடைசியிலும். பச்சைக் கறி பட்ட தூள் மிஞ்சினால் எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

சரி, வீட்டுக் கலவை. ஒரு கப் பாங்கோ, அதாவது பெரிய செதில்களாக வரும் ஜப்பானிய பிரெட் தூள். அரை கப் பார்மசான், பூண்டுத்தூள், மிளகு. பாங்கோவை அப்படியே ஓவனில் வைத்தால் கறி வெந்த பிறகும் வெளுத்தே கிடக்கும். அதனால் இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் வாணலியில் முதலிலேயே பொன்னிறமாக வறுத்துவிட வேண்டும். பார்மசான் ஈரம் குறைந்த சீஸ் என்பதால் உருகி வழியாமல் அங்கேயே சிவக்கிறது. கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்கப் பெரும்பாலும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ சேர்ப்பார்கள். பத்து நிமிட வேலை கூடுதல்தான். ஆனால் கடிக்கும்போது சத்தம் கேட்டது இதில் மட்டும்தான், நெஞ்சுக்கறிக்கு எனக்கு இதுவே முதலிடம்.

எதைப் பூசினாலும் நிறத்தை நம்பி வெளியே எடுக்காதீர்கள். உள்ளே வேகும் முன்பே சீஸ் சிவந்துவிடும். கோழிக்கு நடுப்பகுதியில் 165 டிகிரி வர வேண்டும். முழுத் துண்டான போர்க் சாப்ஸ் என்றால் 145, அப்புறம் மூன்று நிமிடம் ஆற விட வேண்டும்.

கறி படாமல் தனியாக எடுத்து வைத்திருந்த சீஸ் கலவையை மறுநாள் அரை வேக்காட்டு காலிஃப்ளவர் மேல் தூவி ஓவனில் வைத்தேன். திருப்ப வேண்டியதில்லை, அடியில் ஒட்டவும் இல்லை; வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த பாக்கெட்டை இனி வாங்கினால் அதற்காகத்தான்.