அனபாண்ட் 666 பசை: என் ஜிப்ஸியின் பின் ஹவுசிங்கில் ஓராண்டு

வண்டி 2006 மாடல் மாருதி ஜிப்ஸி. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் ஓடி ஓய்ந்தபின் என் கைக்கு வந்தது. எனக்கு வேலை ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்பில். வாங்கும்போதே பின் டிஃபரென்ஷியல், அதாவது பின் சக்கரங்களுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி, ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. "பழைய ஜிப்ஸின்னா கொஞ்சம் வேர்க்கத்தாங்க செய்யும்" என்றார் புரோக்கர். மூன்று மாதத்தில் அந்த வேர்வை ஷெட் தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறையாகிவிட்டது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சரிசெய்துவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகியது, மறுபடி காசு. அப்புறம்தான் அடியில் படுத்துப் பார்த்தேன். எதையும் கழற்றவே இல்லை. அந்தக் கியர்களை மூடியிருக்கும் கூடான ஹவுசிங் சேரும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு மேலேயே பசையை வெளியிலிருந்து அப்பிவிட்டிருந்தார்கள். நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது.

மூன்றாவது முறை, எங்கள் ஊரிலேயே டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பேனரைத் தொடும் முன் ஹவுசிங்கின் மேல்பக்கம் கையை விட்டு, விரல் நுனி அளவில் இருக்கும் பிரீதரை, காற்று போய்வரும் சின்ன மூடியை, கழற்றினார். உள்ளே செம்மண் களிமண்ணாக இறுகிப் போயிருந்தது. "மூக்கு அடைச்சிருக்குதுங்க. அப்புறம் வாயாலதானே மூச்சு விடும்?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். ஓடினால் ஹவுசிங் சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும். போக வழியில்லை என்றால் ஆயிலைச் சீல் வழியாகவும் பேக்கிங் வழியாகவும் வெளியே தள்ளும். என் தோப்புக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். சூடான ஹவுசிங் அதில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். டிரெயின் பிளக்கைத் திறந்தபோது வந்தது பால்காபி நிறத்தில்தான் இருந்தது.

அவர் சொல்லித்தான் பக்கத்துக் கடையில் அனபாண்ட் வாங்கினேன். சென்னைக் கம்பெனியின் சிலிகான் பசை, மெக்கானிக்குகள் எல்லோரும் கேட்டு வாங்குவது. வேலையை நானும் கூட இருந்து செய்தேன், அதனால் எழுதத் துணிகிறேன்.

முதலில் ஆயில் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும்போது கீழே வடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜிப்ஸியில் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் எல்லாம் முன்பக்கமாக ஒரே கட்டியாகக் கழன்று வரும். அதற்கு முன் டிரம்மைக் கழற்றி இரண்டு ஆக்ஸிலையும் வெளியே இழுக்க வேண்டும். கட்டி நல்ல கனம்; படுத்துக்கொண்டு நெஞ்சில் தாங்கலாம் என்று நினைக்காதீர்கள், ஜாக்கி வையுங்கள்.

எங்களுக்கு நேரம் போனது சுத்தம் செய்வதில்தான். பழைய பசையை பிளேடால் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் விடவில்லை. ஹவுசிங்கின் அடியில் சேமியா மாதிரி பழைய பசைத் துணுக்குகள் கிடந்தன. யாரோ எப்போதோ அள்ளிப் பூசியதில் உள்பக்கம் பிதுங்கியவை. அனபாண்டை 3 மில்லிமீட்டர் கோடாக, எங்கும் அறுபடாமல், ஸ்டட் ஓட்டைகளின் உள்பக்கமாகச் சுற்றி விட்டால் போதும். அதற்கு மேல் ஒரு பொட்டு வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டோம். காற்றிலுள்ள ஈரத்தில் இறுகுகிற பசை இது. அவசரப்பட்டு அன்றைக்கே ஆயில் ஊற்றினால் கோடு கலையும்.

மறுநாள் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில், பின்பக்கத்துக்கு ஒன்றரை லிட்டர். ஊற்றும் ஓட்டையின் விளிம்பைத் தொட்டு வழியும்போது நிறுத்த வேண்டும். பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பாடிக்கு மேலே ஏற்றிவிட்டார் அண்ணன். பள்ளத்துத் தண்ணீர் இனி அங்கே எட்டாது.

ஓராண்டு ஆகிறது. ஒரு முழு மழைக்காலம், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, நான்கு முறை. பூசிய இடம் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. பசைக்கு முழு மார்க். ஆனால் இது ஹவுசிங் சேரும் இடத்துக்குத்தான் மருந்து. பினியன் சீல், ஆக்ஸில் சீல் போயிருந்தால் சீலைத்தான் மாற்ற வேண்டும். பினியன் நட்டைக் கழற்றும் முன் பஞ்ச் உளியால் தட்டி ஒரு அடையாளம் வைத்து, திரும்ப அதே இடத்துக்கு முடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேரிங் இறுக்கம் மாறி ஊளையிட ஆரம்பிக்கும்.

சின்ன டியூபே வாங்குங்கள். திறந்தபின் மீதி வாயிலேயே இறுகிப் போகும், இந்த வகைப் பசை எல்லாமே அப்படித்தான்.

போன வாரம் முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் இளகி வடிந்திருக்கிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். முன் பிரீதரை நானே கழற்றிப் பார்த்துவிட்டேன், அதிலும் செம்மண்.