1098: பேர் கேட்காமல் வேலையை முடித்தார்கள்

தையல் கடை வைத்திருக்கிறேன், ஆனால் இது 1098 என்கிற குழந்தைகள் உதவி போன் நம்பரைப் பற்றிய ரிவ்யூ.

தை மாதம் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு முகூர்த்த ரவிக்கை தைக்க வந்தார். அளவு ரவிக்கை கேட்டேன். "இல்லைக்கா, நான் இதுவரைக்கும் சேலையே கட்டினதில்லை" என்றாள் பெண். ஜூனில் அவளுக்குப் பிளஸ் ஒன் யூனிஃபார்ம் தைத்ததே நான்தான். அம்மா வேறு, "உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத் தைங்க, வளர்ற பிள்ளை" என்கிறார். வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

ராத்திரி 1098க்குப் போட்டேன். பேர் சொல்ல இஷ்டமில்லை என்றதும் வற்புறுத்தவில்லை. ஊர், வயது, பள்ளி, கல்யாணத் தேதி, அவ்வளவுதான். காசும் கிடையாது. மூன்றாம் நாள் சமூக நலத்துறை அம்மா ஒருவர் போலீஸோடு வந்து பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்: வயது 16. அவர் கத்தவே இல்லை. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி ஏற்பாடு செய்தவர்களுக்கு 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், தாலி கட்டியிருந்தாலும் 18க்குக் கீழே உள்ள பெண்ணோடு குடும்பம் நடத்தினால் மாப்பிள்ளை மேல் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வரும் என்று நிதானமாகச் சொன்னார். அதுவரை குதித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1996ல் மும்பையில் ஆரம்பித்த நம்பர், 2023லிருந்து மாநில அரசுகள் கையில். நம்பர் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? பின்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சமூக நலத்துறை, போலீஸ் என்று ஆள் இருப்பதால்தான் வேலை நடக்கிறது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பிணிகள். ரத்தசோகை, எடை குறைந்த குழந்தை எல்லாம் ஒரு பக்கம், கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே காட்டாமல் ஒளித்து வைக்கிறார்களே, அதுதான் பயம் என்பார் எங்கள் ஊர் நர்சம்மா.

ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று போனை எடுத்தவர்களுக்காக இல்லை. கல்யாணம் நின்ற பிறகு பெண்ணை வகுப்பில் திரும்ப உட்கார வைக்கப் பள்ளியில் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அதைத் தட்டிக் கேட்க யாரும் வரவில்லை. அந்த மூன்று வாரமும் என் கடையில் ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டுக்கொடுத்தது யார் என்று அவள் அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். ரவிக்கைக் கூலி பாக்கி, நானும் கேட்கவில்லை.