ஜூரேஞ்சரா, பவர் ரேஞ்சர்ஸா?

சின்ன வயதில் நான் டிவியில் பார்த்தது பவர் ரேஞ்சர்ஸ். 1993-இல் தொடங்கிய அந்த அமெரிக்கத் தொடரின் முகமூடிச் சண்டைகள், ரோபோ மோதல்கள் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானின் தோயெய் நிறுவனம் 1992-இல் எடுத்த ‘ஜூரேஞ்சர்’ தொடரின் காட்சிகள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் வண்ண உடையணிந்து சண்டையிடும் ஐந்து ரேஞ்சர்களும் பள்ளி மாணவர்கள். ஜப்பானிலோ பல கோடி ஆண்டு உறக்கத்திலிருந்து எழும் பழங்கால வீரர்கள். மஞ்சள் ரேஞ்சர் ஜப்பானில் ஆண், அமெரிக்காவில் பெண். உடையில் பாவாடை இல்லாதது ஏன் என்று அப்போதே யோசித்திருக்கலாம்!

பெரிய வித்தியாசம் பச்சை ரேஞ்சரிடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரு பச்சை மெழுகுவர்த்தி உருகுகிறது. அமெரிக்கத் தொடரில் அது உருகினால் பச்சை ரேஞ்சரான டாமியின் சக்தி போகும், அவ்வளவுதான். அப்புறம் வெள்ளை ரேஞ்சராகத் திரும்பிவிடுகிறான். ஜப்பானில் அந்த மெழுகுவர்த்திதான் பச்சை வீரன் புராயின் ஆயுள். அவன் சிவப்பு வீரனின் அண்ணன். 42-ஆம் அத்தியாயத்தில் செத்தே போகிறான். இதைக் குழந்தைகளுக்காக எடுத்திருக்கிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை.

வில்லியும் அப்படித்தான். ரீட்டாவாக நாம் பார்த்த முகம் நடிகை சோகா மச்சிகோவுடையது. குரல் மட்டும் வேறொருவருடையது. மூலத்தில் அவள் மகனை இழந்த தாய்.

கதைக்கு ஜூரேஞ்சர்தான். ஆனால் அந்த கிட்டார் தீம் மியூசிக் கேட்டால், சரி, நான் மறுபடி பவர் ரேஞ்சர்ஸ் பக்கம்தான்.